வெள்ளத்தில் தப்பிய நாய் தூக்கத்தில் அலறுகிறது, என்ன செய்யலாம்?

பாலாற்றுக்கரை | 8 ஜனவரி 2022

வணக்கம். காட்பாடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். போன நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றோரத்துச் செங்கல் சூளை ஒன்றில் காவலுக்குக் கட்டிவைத்திருந்த நாட்டு நாய் இவன். தண்ணீர் ஏறிய இரவில் ஆட்கள் மேட்டுக்குப் போய்விட்டார்கள், இவன் சங்கிலியோடு நின்றுவிட்டான். விடிந்து பார்த்தவர்கள் சொன்னது: கழுத்துவரை தண்ணீர், முன்னங்கால் இரண்டையும் கல் அடுக்கின் மேல் ஊன்றி மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றானாம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, சங்கிலியைக் கழற்றிக் கரையேற்றியிருக்கிறார்கள். சூளைக்காரர்கள் அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை. நாய் எங்கள் வீட்டோடு தங்கிவிட்டது. ஆயா வைத்த பெயர் கரியன்.

பகலில் தங்கமான பிள்ளை. சாப்பாடு, விளையாட்டு எதிலும் குறை இல்லை. ராத்திரிதான் பிரச்சினை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பவன் திடீரென்று மூக்கை மேலே தூக்குகிறான், கண் மூடியபடியே. பிறகு முன்னங்கால்கள் தரையைப் பிராண்டும். பிறகு ஒரு சத்தம். குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை, தொண்டைக்குள்ளிருந்து நீளமாக இழுத்துக்கொண்டு வருகிறது. கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. எழுந்ததும் சுவரோரமாகப் போய் நடுங்கிக்கொண்டு நிற்கிறான், சில நாள் அங்கேயே மூத்திரமும் போய்விடுகிறான்.

நேற்று தம்பி எழுப்பப் போனபோது கையைக் கவ்விவிட்டான். லேசான கீறல், இரண்டு இடத்தில் ரத்தம். பக்கத்துப் போர்ஷன்காரர் ஹவுஸ் ஓனரிடம் சொல்லிவிட்டார். நாய்க்குக் கெட்ட கனவு வருமா? வந்தால் என்ன செய்வது?

மாட்டாஸ்பத்திரி | 8 ஜனவரி 2022

கால்நடை மருத்துவராக ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறேன். கனவை அப்புறம் பார்ப்போம், முதலில் தம்பி கை.

ரத்தம் வந்திருக்கிறது, நாயின் பழைய தடுப்பூசி விவரம் யாருக்கும் தெரியாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள், நேற்றே கழுவியிருந்தாலும் பரவாயில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போகட்டும், வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரச் சொல்வார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசி ஒன்றும் சேரும். நம் வீட்டு நாய்தானே என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது. கரியனை முதலில் 10 நாள் கண்காணிப்பில் வையுங்கள், அது முடிந்ததும் அவனுக்கும் ஊசி போட்டுவிடுங்கள்.

இனி நாய் விஷயம். மூத்திரம் போகிறான் என்றீர்களே, அது தூக்கத்திலா, எழுந்த பிறகா? இதைப் பொறுத்து நான் சொல்லப்போவது மாறும்.

குடியாத்தம் சித்தப்பா | 8 ஜனவரி 2022

நாய்க்குக் கனவா? சோறு தின்றுவிட்டுத் தூங்கும்போது எல்லா நாயும்தான் காலை உதறும். மந்திரித்த கயிறு ஒன்று கழுத்தில் கட்டிவிடுங்கள், படுக்கிற இடத்தில் இரும்பு போடுங்கள். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அதுதான் வழக்கம்.

பாலாற்றுக்கரை | 8 ஜனவரி 2022

டாக்டர், எழுந்த பிறகுதான். எழுந்து, சுவரோரம் நின்று, அப்புறம் போகிறான். தம்பி ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

சித்தப்பா, ஆயா ஏற்கெனவே கதிர் அறுக்கிற அரிவாளைக் கோணிக்கு அடியில் செருகிவிட்டது. கரியன் அதன் மேல் படுத்துவிடப் போகிறான் என்று நான்தான் எடுத்து வெளியே வைத்தேன்.

இரவுப்பணி செவிலி | 9 ஜனவரி 2022

சித்தப்பா கேட்டதற்கு ஒரு பதில். 2001-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் எலிகளை வட்டப் பாதையில் ஓடவிட்டு மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பதிவு செய்தார்கள். பிறகு அவை தூங்கும்போதும் பதிவு செய்தார்கள். கண்கள் மூடிய இமைக்குள் அலைபாயும் உறக்கம் ஒன்று உண்டு, ரெம் என்பார்கள். மனிதருக்குக் கனவு அதிகம் வருவது அதில்தான். எலிகளுக்கு அந்த நேரத்தில், ஓடும்போது எழுந்த அதே வரிசையில் மூளை செல்கள் மறுபடி துடித்தன. பகலில் ஓடிய பாதையை எலி ராத்திரியும் ஓடுகிறது. நாய்க்கும் அந்த ரெம் உறக்கம் இருக்கிறது. உள்ளே என்ன பார்க்கிறது என்று நாய் வந்து சொல்லப்போவதில்லை, ஆனால் கரியன் மூக்கை மேலே தூக்குகிறான் என்று படித்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

2017-ல் ஹங்கேரியில் நாய்களை வைத்தே செய்தார்கள். தனியாகக் கட்டிப்போட்டும், முறைத்துப் பார்த்தும் சங்கடப்படுத்திய பிறகு தூங்கவிட்டால், கொஞ்சி விளையாடிய பிறகு தூங்கிய தூக்கத்திலிருந்து அமைப்பே மாறியிருந்தது. சங்கடப்பட்ட நாய்கள் சீக்கிரமாகவும் தூங்கின. எனவே படுத்தவுடனே தூங்கிவிட்டான், பயம் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

மாட்டாஸ்பத்திரி | 9 ஜனவரி 2022

எழுந்த பிறகு என்றால் கொஞ்சம் நிம்மதி. தூக்கத்தில் அலறும் நாயைக் கொண்டுவருகிறவர்களில் பலருக்குக் கனவா, வலிப்பா என்ற குழப்பம் இருக்கும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும்.

கனவில் அசைவு ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரு கால் துடிக்கும், நிற்கும், உதடு துடிக்கும், முனகல் வரும். உடம்பு தளர்வாகவே இருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்து உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். வலிப்பில் உடம்பு விறைக்கும், நான்கு கால்களும் சைக்கிள் மிதிப்பதுபோல ஒரே தாளத்தில் அடிக்கும், தாடை இறுகும், நுரை தள்ளும், அந்த நேரத்திலேயே மூத்திரமோ மலமோ போய்விடலாம். கூப்பிட்டாலும் எழாது. முடிந்த பிறகு கொஞ்ச நேரம் தள்ளாடும், சுவரில் மோதும், உங்களையே தெரியாததுபோலப் பார்க்கும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, அடங்கி உடனே மறுபடி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நம் பக்கத்துத் தெரு நாய்களில் மூன்றாவதாக ஒன்றும் பார்க்க வேண்டியிருக்கிறது: டிஸ்டம்பர் என்கிற வைரஸ் நோய். குட்டியில் வந்து பிழைத்த நாய்க்கு ஏதாவது ஒரு தசை, கன்னமோ தொடையோ, கடிகாரம்போல் துடித்துக்கொண்டே இருக்கும். விழித்திருக்கும்போதும் துடிக்கும், தூங்கும்போதும் துடிக்கும். இதைக் கனவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த முறை வரும்போது கிட்டே போகாமல் போனில் வீடியோ எடுங்கள். முழு உடம்பும் தெரியட்டும், எழுந்த பிறகு இரண்டு நிமிடமும் சேர்த்து எடுங்கள். வீட்டில் அலறும் நாய் டாக்டர் முன்னால் சாதுவாக உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு வீடியோதான் சாட்சி. உடம்பில் வலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கழுத்தைத் தூக்கி நின்றவனுக்குக் கழுத்து, தோள் மூட்டில் பழுது இருக்கலாம், புரண்டு படுக்கும்போது குத்தும். வெள்ளத் தண்ணீரில் கிடந்ததால் எலிக்காய்ச்சலுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நல்லது, அது மனிதருக்கும் ஒட்டும்.

சோளிங்கர் மலையேறி | 10 ஜனவரி 2022

தண்ணீரைக் கண்டு பயந்த நாய்க்குத் தண்ணீர்தான் மருந்து. பாலாற்றில் இன்னும் முழங்கால் அளவு ஓடுகிறது இல்லையா, கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்துங்கள். நாலு நாள் கத்தும், அப்புறம் தெளிந்துவிடும். எங்களையும் கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் நீச்சல் பழக்கினார்கள்.

ஆரணிப்பட்டு | 10 ஜனவரி 2022

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டு நாய் ஷேர் ஆட்டோவில் அடிபட்டது. தெரிந்த ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு வாசலில் உட்கார வைத்தார், சத்தம் பழகட்டும் என்று. நாய் கத்தவில்லை, அசையவில்லை. பழகிவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். பழகவில்லை, ஒடுங்கிப்போய்விட்டது. அன்றைக்கு ராத்திரியிலிருந்துதான் தூக்கத்தில் கத்த ஆரம்பித்தது. கிணற்றில் தள்ளப்பட்ட பையனுக்கு மேலே அப்பா நிற்கிறார் என்று தெரியும். நாய்க்கு அது தெரியாது.

பாலாற்றுக்கரை, உங்களிடம் ஒரு கேள்வி. இந்த அலறல் ராத்திரி எந்த நேரத்தில் வருகிறது? தினமும் வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா? வராத நாட்களில் வீட்டில் என்ன வித்தியாசம்? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். படுத்த நேரம், அலறிய நேரம், அதற்கு முன்னால் கேட்ட சத்தம். எழுதினால்தான் பிடிபடும்.

சோளிங்கர் மலையேறி | 10 ஜனவரி 2022

பட்டு அக்கா சொன்னால் சரி. ஆனால் ரொம்பவும் செல்லம் கொடுத்தாலும் பயம் கூடும் என்பார்கள். அலறும்போது தடவிக் கொடுத்தால், அலறினால் தடவுவார்கள் என்று பழகிவிடாதா?

மாட்டாஸ்பத்திரி | 10 ஜனவரி 2022

இல்லை. உட்கார், கை கொடு என்பதுபோலப் பயம் ஒரு பழக்கம் இல்லை, பரிசு கொடுத்து வளர்ப்பதற்கு. பயந்த நாய் உங்களிடம் வந்து ஒட்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம், அதனால் பயம் அதிகமாகாது. ஆனால் அதுவாக வர வேண்டும். தூக்கத்தில் இருக்கும்போது நீங்கள் போய்த் தொடக் கூடாது. கனவுக்கும் விழிப்புக்கும் நடுவில் இருக்கும் நாய்க்குத் தொட்ட கை யாருடையது என்று தெரியாது. தம்பியைக் கடித்தது அப்படித்தான், கோபத்தில் இல்லை.

சின்ன முனகல், கால் துடிப்பு என்றால் விட்டுவிடுங்கள், தானே அடங்கும். அலறல் நீண்டால் நாலைந்து அடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் பெயர் சொல்லுங்கள். எழவில்லை என்றால் லைட்டைப் போடுங்கள், பிஸ்கெட் டப்பாவைத் திறக்கிற சத்தம் கொடுங்கள். எழுந்ததும் மேலே குனியாதீர்கள், உட்கார்ந்துவிடுங்கள், வரட்டும். குழந்தைகள் அந்த நாயோடு படுக்க வேண்டாம், இப்போதைக்கு.

பாலாற்றுக்கரை | 16 ஜனவரி 2022

நோட்டில் எழுதிப் பார்த்தேன். பட்டு அக்கா, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

விடியற்காலை 4 மணியிலிருந்து 5 மணிக்குள்தான் பெரும்பாலும் வருகிறது. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். சம்ப் நிறைந்ததும் ஹவுஸ் ஓனர் விடியற்காலையிலேயே மோட்டார் போட்டுவிட்டுக் கோலம் போடப் போய்விடுவார்கள். மாடியில் சின்டெக்ஸ் தொட்டி நிறைந்து வழியும். வழிகிற தண்ணீர் சன்ஷேடில் விழுந்து, கரியன் படுக்கிற திண்ணைக்குப் பக்கத்தில் பொத்பொத்தென்று இறங்கும். அன்றைக்கு நான் தூங்காமல் பார்த்தேன். தண்ணீர் விழ ஆரம்பித்ததும் காது திரும்பியது, கண் திறக்கவில்லை. மூக்கு மேலே போனது.

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். வாசல் கேட்டில் பூட்டுக்காகத் தொங்கும் இரும்புச் சங்கிலி. காற்றடித்தால் கிணுங்கும். பால்காரர் திறக்கும்போதும் கிணுங்கும்.

வீடியோவைக் காட்பாடியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். வலிப்பு இல்லை என்றார். கழுத்தில் தொட்டுப் பார்த்தபோது இடது பக்கம் சுளித்தான், அதற்கு மருந்து கொடுத்திருக்கிறார். எலிக்காய்ச்சல் இல்லை.

ஆரணிப்பட்டு | 16 ஜனவரி 2022

அப்படிப் போடு. இப்போது கனவைத் துரத்த வேண்டாம், தொட்டியைத் துரத்துங்கள்.

கேட் சங்கிலியை இன்றே கழற்றிவிட்டு ஒரு நைலான் கயிறு கட்டுங்கள். கரியனைக் கட்டுவதற்கும் சங்கிலி வேண்டாம், கழுத்துப் பட்டையும் வேண்டாம். நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள். கழுத்தில் இழுப்பு விழுந்தாலே அவனுக்கு அந்த ராத்திரி திரும்பி வரும், போதாததற்குக் கழுத்தில் வலியும் இருக்கிறது. படுக்கையைத் திண்ணையிலிருந்து உள்ளே மாற்றுங்கள். முதுகுக்குச் சுவர் இருக்கட்டும், வாசல் கண்ணில் படட்டும், வெளியே போக வழி திறந்தே இருக்கட்டும். அடைத்துப் பூட்டினால் இன்னொரு சூளை ஆகிவிடும். ஆயாவின் பழைய நூல் புடவை ஒன்றைத் துவைக்காமல் போடுங்கள். ஃபேன் ஓடட்டும், அந்த இரைச்சல் வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும்.

இரவுப்பணி செவிலி | 17 ஜனவரி 2022

இதோடு ஒன்று. மனிதர் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆயாவின் தூக்க மாத்திரையில் கால் பங்கு உடைத்துக் கொடுத்த வீட்டை எனக்குத் தெரியும். வலிக்கு என்று பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் கொடுப்பதும் ஆபத்து. சர்க்கரை இல்லாத இனிப்பு மாத்திரைகள் சிலவற்றில் சைலிட்டால் இருக்கும், நாய்க்கு அது விஷம்.

சோளிங்கர் மலையேறி | 17 ஜனவரி 2022

நாய்க்கென்றே மயக்க மருந்து இருக்கிறதாமே, தீபாவளிக்கு எங்கள் தெருவில் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். நாய் அசையாமல் கிடந்தது. அதைத் தினமும் ராத்திரி கொடுத்தால் என்ன?

மாட்டாஸ்பத்திரி | 17 ஜனவரி 2022

நீங்கள் சொல்வது அசிப்ரோமசின் ஆக இருக்கலாம். அது தனியாகக் கொடுத்தால் உடம்பை அடக்கும், பயத்தை அடக்காது. நாய் கால் அசைக்க முடியாமல் எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நிம்மதி, நாய்க்கு நரகம். இந்தப் பயன்பாட்டுக்கு அதைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் இப்போது சொல்கிறோம்.

பயத்துக்கே வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. ஃப்ளூயாக்ஸெடின் போன்றவற்றைத் தினமும் கொடுக்க வேண்டும், பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். டிராசோடோன், காபாபென்டின் மாதிரியானவை சில மணி நேரத்தில் வேலை செய்யும். எடை பார்த்து, கல்லீரல், சிறுநீரகம் பார்த்து மருத்துவர் எழுத வேண்டியவை இவை. கரியன் பகலில் சாப்பிடுகிறான், விளையாடுகிறான். இவனுக்கு மருந்து இப்போதே தேவைப்படாது என்று நினைக்கிறேன். பகலிலும் மூலையிலேயே கிடக்கிற, சோறு மறுக்கிற நாய்க்கு மருந்தைத் தள்ளிப்போடுவதும் தப்பு. அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்களில் போர்முனையிலிருந்து திரும்பியவை சிலவற்றுக்கு இப்படி ஆகி, 2011 வாக்கில் அங்கே இதை ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டு மருந்தும் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இனி, தண்ணீர்ச் சத்தத்தைப் பழக்குவது. போனில் தொட்டி வழியும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். பகலில், அவன் நிம்மதியாக இருக்கும்போது, உங்களுக்கே காதில் விழுமா விழாதா என்கிற அளவில் வையுங்கள். சத்தம் முதலில், உடனே ஈரல் துண்டு. சத்தம் நின்றால் ஈரலும் நின்றுவிட வேண்டும். வரிசை மாறக் கூடாது. ஈரலைக் காட்டிவிட்டுச் சத்தம் போட்டால், ஈரலைப் பார்த்தாலே பயப்படுவான். உதட்டை நக்குவது, கொட்டாவி, காது பின்னால் போவது, கண்ணின் வெள்ளை தெரிவது இவற்றில் எது வந்தாலும் சத்தம் அவனுக்கு அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். தின்ன மறுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். சில நிமிடம் போதும், அலுக்கும்வரை செய்யாதீர்கள்.

குடியாத்தம் சித்தப்பா | 18 ஜனவரி 2022

நாய்க்கு ஈரல், எங்களுக்குக் கத்திரிக்காய். சரி, நடக்கட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், இப்போது ராத்திரி ஊரடங்கு இருப்பதால் தெரு அமைதியாக இருக்கிறது. அது முடிந்த பிறகுதான் உங்கள் வைத்தியம் பலித்ததா என்று தெரியும். நம் ஊரில் சாவு ஊர்வலம் போனால் மேளமும் சரவெடியும் தெரு முனையிலிருந்து சுடுகாடுவரை. அதற்கு என்ன செய்வீர்கள்? போனில் பதிவு செய்து ஈரல் போடுவீர்களா?

பாலாற்றுக்கரை | 2 பிப்ரவரி 2022

சித்தப்பா வாய் முகூர்த்தம். ஊரடங்கு எடுத்த சில நாளிலேயே தெருவில் ஒரு ஊர்வலம். சரவெடி எங்கள் வாசலிலேயே வெடித்தது. கரியன் கட்டிலுக்கு அடியில் போனவன் சாயங்காலம்தான் வெளியே வந்தான். அன்று ராத்திரி தொட்டி வழியாமலேயே அலறல். கொஞ்ச நாளாகக் குறைந்திருந்தது, மறுபடியும் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் மனசு விட்டுப்போனது. ஹவுஸ் ஓனர் "நாயை யாருக்காவது கொடுத்துவிடுங்களேன்" என்கிறார்.

ஆரணிப்பட்டு | 2 பிப்ரவரி 2022

மனசு விடாதீர்கள். எங்களுடையதும் இப்படித்தான் நாலு படி ஏறி இரண்டு படி இறங்கியது. பெரிய பயம் ஒன்று வந்தால் அடுத்த சில ராத்திரி மோசமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் பயிற்சி எதுவும் வேண்டாம், சத்தப் பதிவு வேண்டாம். சாயங்காலம் ஆள் இல்லாத பக்கம் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போய், அவன் விருப்பத்துக்கு மோப்பம் பிடிக்க விடுங்கள். ஓட வைக்காதீர்கள். ஒவ்வொரு புல்லாக மோந்துகொண்டு அரை மணி நேரம் போனாலும் நின்றுகொண்டிருங்கள். கல்லை மோந்தால் கல்லையே மோந்துகொண்டிருக்கட்டும். எங்கள் வீட்டில் ராத்திரித் தூக்கத்துக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் கைகொடுத்தது. வந்ததும் சோறு, கடைசியாக ஒருமுறை வெளியே விட்டு மூத்திரம், அப்புறம் படுக்கை. நேரம் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவது பயந்த நாய்க்குப் பெரிய ஆறுதல்.

ஊர்வலம் வருவது முன்பே தெரிந்துவிடும் இல்லையா? தெருவில் பந்தல் போட்டாலே தெரியும். எடுக்கும் நேரம் கேட்டுக்கொண்டு, அதற்கு முன் நடைக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து, வீட்டின் நடு அறையில் ஜன்னல் சாத்தி, டிவி போட்டு, கூட ஒருவர் உட்காருங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் போகட்டும், இழுக்காதீர்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிக் காணாமல் போகிற நாய்கள்தான் நம் பக்கம் அதிகம். கேட் பூட்டியிருக்கட்டும், ஹார்னஸில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

இரவுப்பணி செவிலி | 3 பிப்ரவரி 2022

மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழா வருகிறது, பாலாற்றங்கரைதான் திடல். உங்கள் வீட்டுக்கு மேளமும் கூட்டமும் கேட்கும். அதற்குள் பழக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு ஆற்றிலிருந்து தள்ளி இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். முன்கூட்டியே ஓரிரு தடவை பகலில் அந்த வீட்டுக்குப் போய்ப் பழக்கிவிட்டால், புது இடம் என்ற பயம் அதோடு சேராது. டாக்டர், அந்த ஒருநாளுக்கு மாத்திரை கேட்கலாமா?

மாட்டாஸ்பத்திரி | 3 பிப்ரவரி 2022

கேட்கலாம், பார்க்கிற டாக்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அந்த மாத்திரைகளைத் திருவிழாவுக்கு முன் ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்க்க வேண்டும். சில நாய் அதற்கு நேர்மாறாகத் துள்ளும். மேளம் ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பயனில்லை, பயம் ஏறும் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.

ஹவுஸ் ஓனர் விஷயத்துக்கு வருகிறேன். அலறல் ஊரை எழுப்புவது தொட்டி வழியும் நாட்களில்தானே? அவர் மோட்டாரை விடிந்த பிறகு போட்டாலே பாதிப் புகார் குறையும். நீங்கள் நாய்க்காகக் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. தண்ணீர் வீணாகிறது, கரண்டு பில் ஏறுகிறது, சன்ஷேட் பாசி பிடித்துச் சுவரில் ஓதம் ஏறுகிறது, இதையெல்லாம் சொல்லுங்கள். பொய்யும் இல்லை.

மட்டறுத்துநர் | 3 பிப்ரவரி 2022

மருந்துகளின் அளவை யாரும் இங்கே எழுத வேண்டாம். ஒரு பதிவை அந்தக் காரணத்துக்காக நீக்கியிருக்கிறோம். இழை தொடரலாம்.

பாலாற்றுக்கரை | 12 மார்ச் 2022

ரொம்ப நாள் கழித்து வருகிறேன்.

டாக்டர் சொன்னபடியே ஓதத்தைக் காட்டிப் பேசினோம். ஹவுஸ் ஓனர் எங்களையும் கையோடு கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்ச் சன்ஷேடைப் பார்த்தார், அங்கே சின்ன அரசஞ்செடி ஒன்று முளைத்திருந்தது. அடுத்த வாரமே பிளம்பர் வந்து, தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கிற சென்சார் மாட்டிவிட்டார். தொட்டி வழிவது நின்றது.

மயானக் கொள்ளைக்கு அத்தை வீட்டுக்கு, ஊசூர் பக்கம் கூட்டிக்கொண்டு போனோம். மாத்திரை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தது நல்லதாயிற்று, முதல் தடவை கொஞ்சம் தள்ளாடினான், டாக்டர் அளவைக் குறைத்தார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தை வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டே பொழுதைப் போக்கினான்.

சத்தப் பயிற்சி மெதுவாகப் போகிறது. போனில் பாதி அளவுவரை ஈரல் சாப்பிடுகிறான். ஸ்பீக்கரில் வைத்தால் எழுந்து போய்விடுகிறான், அதனால் அங்கேயே நிறுத்தியிருக்கிறோம். பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும்போது முன்பெல்லாம் தெருவுக்கே ஓடுவான், இப்போது வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறான். குளிக்க வைப்பதை விட்டுவிட்டோம், ஈரத்துணியால் துடைக்கிறோம்.

அலறல் முழுக்கப் போகவில்லை. எப்போதாவது வருகிறது, நீளம் குறைந்திருக்கிறது. தள்ளி நின்று "கரியா" என்றால் எழுந்துவிடுகிறான். சுவரோரம் போவதில்லை, ஆயா கட்டிலுக்குத்தான் போகிறான். ஆயா அரிவாளை மறுபடி உள்ளே கொண்டுவந்துவிட்டது, இந்த முறை தன் கட்டிலுக்கு அடியில். எதனால் சரியானது என்று கேட்டால் அரிவாளைத்தான் சொல்கிறது. நான் வாதாடவில்லை.

சத்துவாச்சாரி அம்மு | 14 மார்ச் 2022

இழை முழுக்கப் படித்தேன். எங்கள் வீடு பைபாஸ் ஓரம். லாரியில் அடிபட்டுப் பிழைத்த பெண் நாய் ஒன்று இருக்கிறது, ஒரு கால் இல்லை. தூக்கத்தில் கால்களை ஓடுவதுபோல அடிக்கிறாள், ஆனால் சத்தமே இல்லை, முகமும் சாதாரணமாக இருக்கிறது. லாரி சத்தம் எப்போதும் இருப்பதால் அக்கா சொன்ன மாதிரி நேரம் குறித்தும் பிடிபடவில்லை. இதுவும் கெட்ட கனவா? எழுப்ப வேண்டுமா?

மாட்டாஸ்பத்திரி | 14 மார்ச் 2022

எழுந்ததும் எப்படி இருக்கிறாள்? வாலாட்டிக்கொண்டு சோம்பல் முறித்தால் விட்டுவிடுங்கள், கனவில் எதையோ துரத்துகிறாள். ஓடும் கனவெல்லாம் லாரிக் கனவு இல்லை. விறைப்பு, நுரை, எழுந்த பிறகு தள்ளாட்டம் இருந்தால் மட்டும் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். இன்னொன்று, கால் எடுத்த இடத்தில் நக்கிக்கொண்டே இருக்கிறாளா என்று பாருங்கள், அங்கே வலி மிச்சம் இருக்கலாம்.

சத்துவாச்சாரி அம்மு | 14 மார்ச் 2022

சோம்பல் முறித்துவிட்டு நேராகச் சமையலறைக்குத்தான் போகிறாள். நக்குவதில்லை. நன்றி டாக்டர்.

குடியாத்தம் சித்தப்பா | 15 மார்ச் 2022

பாலாற்றுக்கரை தம்பி, அந்தத் தொட்டி சென்சார் எவ்வளவு ஆயிற்று? பிளம்பர் கூலியோடு சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் வழிந்துகொண்டுதான் இருக்கிறது.